கேஸ் அக்காவுக்குக் கிடைத்த பதவி இறக்கம்

பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. கடைத்தெருவில் அவள் கேஸ் அக்கா. மருந்துக்கடை ஃப்ரிட்ஜ், ஐஸ்கிரீம் கடை ஃப்ரீசர், பால் டிப்போவின் குளிர் அறை என்று எது மூச்சை நிறுத்தினாலும், பழைய ஸ்கூட்டரில், பெட்டியைக் குளிரவைக்கிற கேஸ் சிலிண்டரை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு வந்து இறங்குவாள். கைக்குழந்தையை ஏற்றி வருகிறவள்போல மேடு பள்ளம் பார்த்துத்தான் ஓட்டுவாள். கேஸ் கொண்டு வருகிற அக்கா. அதனால் கேஸ் அக்கா. அந்த கேஸை ஏற்றுவது யார் என்பது கடைத்தெருவுக்குத் தெரியாது.

ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பட்டறையில் அவள் சேர்ந்தது பில் போடுகிற வேலைக்கு. ஆள் வராத ஒரு நாள் கம்ப்ரஸரைத் தூக்க ஒரு கை கொடுத்தாள். பிறகு செம்புக் குழாயை வளைக்கக் கற்றாள். பிறகு தீச்சுடர் கக்குகிற டார்ச்சைப் பிடித்துக் குழாயை ஒட்டினாள். முதலாளியின் முழங்கால் தேய்ந்து, கண்ணும் மங்கிப்போனபோது, வேலை முழுக்க அவள் கைக்கு வந்து சேர்ந்திருந்தது. யாரும் அறிவித்து நடந்ததில்லை. தயிர் உறைவதுபோல நடந்தது.

வெளி வேலைக்குப் போகும்போது ஒரு முறை இருந்தது. முதலாளி முன்னால் போவார். பெட்டியின்மேல் கை வைத்து, கண்ணை மூடி, "ம்ம்ம்" என்று ஒரு இழுப்பு இழுப்பார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக் கடைக்காரரோடு ஊர்க்கதை பேச உட்கார்ந்துவிடுவார். வேலை பின்பக்கத்தில் நடக்கும். எல்லாம் முடிந்ததும் அவள் இருமுவாள். அவர் எழுந்து போய் சுவிட்சைப் போடுவார். பெட்டி உறுமத் தொடங்கும். "முதலாளி கை பட்டா செத்த பெட்டியும் எழுந்து உக்காரும்" என்பார்கள் கடைத்தெருவில். அவளுக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. நல்ல மனிதர். ஒரு மாதம்கூடச் சம்பளத்தை இழுத்தடித்ததில்லை.

அவளுடைய கணவன் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். ஊரில் பாதிப் பேரின் விண்ணப்பங்கள் அவன் கையால் போனவை. ஒரு நர்ஸம்மாவுக்காக வெளிநாட்டு வேலைப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு விளம்பரம் அவன் கண்ணில் பட்டது. கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டுப் பட்டறைக்கு ஓடி வந்தான்.

"ஏம்மா, உன்னைத் தேடுறாங்க!"

"யாரு, மருந்துக்கடையா?"

"ஒரு ஊரே தேடுதும்மா!"

விஷயம் இதுதான். விளம்பரம் வந்திருந்த அந்தக் குளிர் நாட்டில் பெரிய நகரங்கள் பிதுங்கி வழிகின்றன; ஓரத்துச் சிற்றூர்களில் வேலை தெரிந்த ஆள் இல்லை. ஆகவே, சிற்றூர்கள் தங்களுக்கு வேண்டிய தொழிலாளிகளைத் தாங்களே பொறுக்கிக்கொள்ள அரசாங்கம் ஒரு திட்டம் போட்டிருந்தது. ஊரில் உள்ள ஒரு கம்பெனி வேலை தர வேண்டும். ஊர்க் கமிட்டி "இவர் எங்களுக்கு வேண்டும்" என்று பரிந்துரைக்க வேண்டும். அது கிடைத்துவிட்டால் குடும்பத்தோடு பி.ஆர். கேட்டு விண்ணப்பிக்கலாம், வந்து போகிற விசா இல்லை, தங்கி வாழ்கிற உரிமை. ஏரிக்கரையில் இருந்த அந்த ஊருக்கு உடனடியாகத் தேவைப்பட்டது ஒரு குளிர்சாதன மெக்கானிக்.

செய்தி கேட்ட மாமனார் வயிறு குலுங்கச் சிரித்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"அந்த ஊர்ப் படத்தைப் பாத்தேன். வீட்டுக் கூரை வரைக்கும் பனி. ஊரே ஃப்ரிட்ஜு! அங்க போயி ஃப்ரிட்ஜ் ரிப்பேரா? கடலுக்குள்ள போயி தண்ணிப் பந்தல் வைக்கிற மாதிரி இருக்கும்மா."

"மாமா, மீனுக்கு ஒரு குளிர், மருந்துக்கு ஒரு குளிர், வெண்ணெய்க்கு ஒரு குளிர். வெளியில கொட்டுற குளிருக்கு சுவிட்ச் கிடையாதே" என்றாள் அவள்.

மாமனார் யோசித்தார். "அது நியாயம்தான்" என்றார். அன்று மாலையே டீக்கடையில் அந்தப் பதிலைத் தன் சொந்தப் பதில்போல நாலு பேரிடம் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. சமைக்கும்போதும் ஆங்கிலம், துணி மடிக்கும்போதும் ஆங்கிலம். எட்டு வயது மகள்தான் கண்டிப்பான வாத்தியார்; அம்மா தடுமாறினால் கரண்டியால் மேசையைத் தட்டுவாள். ஆங்கிலப் பரீட்சையில் வேண்டிய மதிப்பெண் வந்தது. அங்கிருந்த கம்பெனியின் முதலாளி ஒரு அம்மாள். கேள்வி மேல் கேள்வியாக அவள் அனுப்பியதற்கெல்லாம் கேஸ் அக்கா பதில் எழுதினாள். "எனக்குத் திருப்தி. இனி உங்கள் முதலாளியின் கடிதம் மட்டும்தான், கமிட்டியின் பார்வைக்கு" என்று பதில் வந்த அன்று, கணவன் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஒரு பக்கம் ஜெராக்ஸ் இலவசம் என்றான்.

அந்தக் கடிதத்தில்தான் பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

முதலாளி லெட்டர்பேடை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்கு வந்தபோது அவள் ஐஸ்கிரீம் கடையில் வேலையாக இருந்தாள். இரண்டு ஆண்களும் டீ வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"மெக்கானிக்னு போட்டா நல்லாவா இருக்கு தம்பி? பொம்பளைப் பிள்ளை. கையில கரி, முகத்துல கரின்னு நினைச்சுக்குவாங்க" என்றார் முதலாளி.

"மரியாதையா ஒண்ணு போடலாம் முதலாளி. மேனேஜர்?"

"வெறும் மேனேஜரா? என்ன கஞ்சத்தனம்? பொது மேனேஜர்னு போடு."

போட்டார்கள். பட்டறையின் மொத்த நிர்வாகமும் அவள் தலையில் என்று ஒரு வரி. தொழிலாளர்களை மேற்பார்வை செய்கிறாள் என்று இன்னொரு வரி. பட்டறையில் மொத்தத் தொழிலாளர் அவள் ஒருத்திதான். அவளுக்கு இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று அவளிடம் காட்டாமலே அனுப்பினார்கள். மாமனாருக்கு மட்டும் சொன்னார்கள். அவரிடம் சொன்னால் பஸ் ஸ்டாண்டில் ஒலிபெருக்கி வைத்ததற்குச் சமம். மறுநாள் காலை காய்கறிக்காரர் அவளை "மேனேஜரம்மா, தக்காளி வேணுமா?" என்று கேட்டபோது அவள் குழம்பிப்போனாள்.

நாலாம் நாள் பதில் வந்தது. கணவன் படித்தான். பாதியிலேயே குரல் இறங்கியது. கமிட்டிக்கு வருத்தம். ஊருக்கு வேண்டியது கையால் வேலை செய்கிற மெக்கானிக். கடிதத்தின்படி இவர் நிர்வாகி. அந்த வேலை எங்கள் ஊரில் காலி இல்லை. கீழே கம்பெனி அம்மாள் தனியாக எழுதியிருந்தாள்: "நீங்கள் எனக்கு எழுதியது ஒன்று, இந்தக் கடிதம் சொல்வது வேறொன்று. எது உண்மை? கமிட்டி வெள்ளிக்கிழமை முடிவு செய்கிறது. உங்கள் முதலாளி உள்ளதை உள்ளபடி எழுதித் தரட்டும். புதன்கிழமை நாம் வீடியோவில் பேசுவோம்."

"என்னது இது, பொது மேனேஜர்?" என்றாள் அவள்.

கணவன் பிரிண்டரைத் துடைக்க ஆரம்பித்தான்.

"உங்களைத்தான் கேக்கறேன்."

"ஆசையாத்தாம்மா போட்டோம். ஊருக்கெல்லாம் ஃபாரம் நிரப்பறேன், ஒரு எழுத்து மாத்த மாட்டேன். சொந்த வீடுன்னதும் கை நீண்டுடுச்சு."

"நான் மெக்கானிக்குங்க. அந்த ஊருக்கு வேணுங்கறதும் மெக்கானிக். பூட்டுக்குச் சாவி சரியா இருந்தது. நீங்க ரெண்டு பேரும் சாவிக்குத் தங்க முலாம் பூசி வச்சிருக்கீங்க. இப்ப நுழையல."

அவள் நேரே பட்டறைக்குப் போனாள்.

"முதலாளி, என்னை இறக்கிவிடணும்."

"எங்கேயிருந்தும்மா?"

"மேனேஜர்லேருந்து."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உலகத்துல எல்லாரும் ஏத்திவிடுங்கன்னுதான் முதலாளிகிட்ட வருவாங்க. நீ ஒருத்திதான் இறக்கிவிடச் சொல்றே."

அவள் நடந்ததைச் சொன்னாள்.

"அதெப்படி? என் லெட்டர்பேடுல போன வாரம் ஒரு பேச்சு, இந்த வாரம் ஒரு பேச்சா? நான் என்ன தேர்தல்லயா நிக்கறேன்?"

"தப்பா எழுதிட்டோம், இதுதான் சரின்னு எழுதுங்க. நடக்கறதை எழுதுங்க, போதும். கேஸ் ஏத்தறது, கசிவு கண்டுபிடிக்கறது, கம்ப்ரஸர் மாத்தறது, குளிர் அறை பாக்கறது. பதினோரு வருஷமா இதெல்லாம் யார் செய்யறாங்களோ, அந்த ஆள் பேரு."

அவர் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். திரும்ப மூடினார்.

"அப்ப நான் என்ன செஞ்சேன்னு கேப்பாங்களே?"

"அங்க யாரும் கேக்க மாட்டாங்க முதலாளி."

"அங்க கேக்க மாட்டாங்க. எழுதும்போது நானே கேப்பேனேம்மா."

பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். "பாக்கலாம்" என்றார் அவர். முதலாளி அகராதியில் "பாக்கலாம்" என்றால் என்ன பொருள் என்று அவளுக்குத் தெரியும். சம்பள உயர்வு கேட்ட வருடங்களில் கேட்டுப் பழகிய சொல்.

புதன்கிழமை வந்துவிட்டது. கடிதம் வரவில்லை. பேச்சையாவது நன்றாகப் பேசிவிட வேண்டும் என்று கணவன் கடையைக் கல்யாண வீடாக்கியிருந்தான். பாஸ்போர்ட் படம் எடுக்கிற நீலத்திரைக்கு முன்னால் நாற்காலி, இரண்டு பக்கமும் விளக்கு. இங்கே சாயங்காலம் ஆறு மணி என்றால் அங்கே அதிகாலையாம். அவள் இஸ்திரி போட்ட உடையில் வந்து உட்கார்ந்தாள். இதயம் பழைய கம்ப்ரஸர்போல அடித்துக்கொண்டது. பயம் என்று சொல்ல முடியாது. ராட்டினத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டு, அது கிளம்பக் காத்திருக்கிற தவிப்பு.

அப்போது முதலாளியிடமிருந்து போன். பால் டிப்போவின் குளிர் அறை நின்றுவிட்டது. சாயங்காலப் பால் வண்டி பாதி வழியில் வந்துகொண்டிருக்கிறது.

"வேணாம்மா! இன்னைக்கு ஒரு நாள் அவரே பாக்கட்டும்" என்றான் கணவன்.

"அவரால குனியவே முடியாதுங்க."

"அந்த ஊரு உனக்காகக் காத்திருக்குமா?"

"பால் காத்திருக்காதே." அவள் அதற்குள் செருப்பை மாட்டிவிட்டாள். "அந்த அம்மாவுக்கு உள்ளதைச் சொல்லி ஒரு செய்தி போடுங்க. குளிர் அறை நின்னுடுச்சு, நான் அங்க போயிருக்கேன்னு. மெக்கானிக்கா இருந்தா அவங்களுக்கே புரியும்."

அவள் டிப்போவில் இறங்கும்போது கணவனிடமிருந்து பதில் வந்துவிட்டது. எழுத்துகளெல்லாம் குதித்துக்கொண்டு வந்ததுபோல இருந்தது: "அந்தம்மா சரின்னுட்டாங்க!! அங்கேருந்தே பேசச் சொல்றாங்க!! அதுதான் இன்னும் நல்லதாம்!!"

டிப்போக்காரர் வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். முதலாளி வழக்கம்போலக் கதவில் கை வைத்து, "ம்ம்ம்" முடித்து, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் பின்பக்கம் போனாள். மீட்டரை மாட்டிப் பார்த்தாள். கேஸ் அழுத்தம் தரையில் கிடந்தது. எங்கேயோ கசிகிறது. வாளியில் சோப்பைக் கரைத்து நுரை கிளப்பினாள். கை முழங்கை வரை நுரையாக இருந்தபோது போன் அடித்தது.

"முதலாளி! ஓடி வாங்க, இதைக் கொஞ்சம் பிடிங்க!"

பதினோரு வருடத்தில் முதல்முறையாக முதலாளி வேலை நடக்கிற இடத்துக்கு வேலை நேரத்தில் வந்தார். டிப்போக்காரரும் கூடவே வந்தார். போனை முதலாளி வாங்கி நீட்டிப் பிடித்தார். திரையில் எண்ணெய் படிந்த நீல உடுப்பில் ஒரு நடுவயது அம்மாள். பின்னால் குடல் உருவிய ஃப்ரீசர் ஒன்று. கேஸ் அக்காவுக்கு அந்தக் கோலத்தைப் பார்த்ததும் பாதி பதற்றம் போய்விட்டது. மகளும் கரண்டியும் கற்றுக்கொடுத்த ஆங்கிலம் போதுமானதாக இருந்தது. நம் பேச்சில் சொன்னால் அது இப்படிப் போயிற்று.

"என்ன ஆச்சு?"

"கேஸ் கசிவு. தேடிக்கிட்டிருக்கேன்."

"பேச வேணாம். தேடுங்க. நான் பாக்கறேன்."

அவள் தூரிகையால் ஒவ்வொரு ஒட்டிலும் நுரை பூசினாள். ஒன்றும் இல்லை. வால்வில் பூசினாள். இல்லை. குழாயின் கறுப்பு உறையைக் கத்தியால் கீறிப் பிரித்து, சுவரோடு இறுக்கிய பட்டை இருக்கிற இடத்துக்கு வந்தாள். இயந்திரம் ஆடி ஆடிக் குழாய் தேய்கிற இடம் அது.

"இன்னும் கீழே. கேமராவைக் கீழே" என்றாள் திரையில் இருந்தவள். முதலாளி பல்லைக் கடித்து முழங்காலை மடக்கினார். மூட்டில் சொடுக்கு விழுந்த சத்தம் அந்த நாடு வரை கேட்டிருக்கும். "வெளிச்சம்" என்றாள் கேஸ் அக்கா. அவர் மற்றொரு கையில் டார்ச் விளக்கைப் பிடித்தார்.

நுரை அசையாமல் இருந்தது. பிறகு, மீன் கண் அளவுக்கு ஒரு குமிழி எழுந்தது. உப்பியது. உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று.

"அங்கே!" என்று இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஒருத்தி பகலை முடித்துக்கொண்டிருந்தாள், ஒருத்தி தொடங்கிக்கொண்டிருந்தாள், குமிழி ஒன்றுதான். திரையில் அந்த அம்மாள் மேசையைத் தட்டிச் சிரித்தாள். "இத்தனை வருஷத்துலயும் அந்தக் குமிழியைப் பாத்தா எனக்கு இன்னும் சந்தோஷம் தாங்காது!"

"எனக்கும்!" என்றாள் கேஸ் அக்கா. நுரை மூக்கில் ஒட்டியிருந்தது.

"போனை இவ்வளவு ஆடாம பிடிக்கறது யாரு? உங்க ஹெல்பரா?"

கேஸ் அக்கா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். பக்கத்தில் டிப்போக்காரர் நிற்கிறார். அவர் எதிரில் என்ன சொல்வது? "இல்ல, இவர் எங்க..." என்று அவள் ஆரம்பிப்பதற்குள் முதலாளி போனைத் தன் முகத்துக்குத் திருப்பினார். நெற்றியில் வியர்வை வழிந்தது.

"ஆமா. ஹெல்பர்."

"எத்தனை வருஷமா?"

"பதினோரு வருஷமா. அதுக்கு முன்னாடி நான் மெக்கானிக். இப்ப இவங்கதான் மெக்கானிக்."

சொல்லிவிட்டுப் போனைத் திரும்ப வேலையின் பக்கம் காட்டினார். டிப்போக்காரரின் வாய் திறந்தபடி இருந்தது. ஈ புகுந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது.

அதற்குமேல் எல்லாம் சீராக ஓடியது. மிச்சமிருந்த கேஸை அவள் சிலிண்டருக்குள் இழுத்துச் சேர்த்தாள். வால்வைச் சுற்றி ஈரத்துணி கட்டி, டார்ச்சைப் பற்றவைத்து, தேய்ந்த துண்டை வெட்டி எடுத்து, புதுத் துண்டை ஒட்டினாள். வேலைக்கு நடுவில் அந்த அம்மாள் கேட்டாள்: "எங்க ஊர்ல வெளியில வச்ச மெஷினுக்குக் குளிர்காலத்துல என்ன வியாதி வரும்?"

"வெளியில ரொம்பக் குளிர்ந்தா கேஸ் சோம்பேறி ஆயிடும். அழுத்தம் எழும்பாது. நான் படிச்சிருக்கேன், கையால பாத்ததில்ல. நீங்க காட்டணும்."

"சரி. ஏன் எங்க ஊரு? பெரிய ஊருக்குப் போகலாமே?"

கணவன் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்த பதிலில் ஏரி வந்தது, இயற்கை வந்தது, அமைதி வந்தது. அவளுக்கு ஒரு வரியும் நினைவு வரவில்லை.

"உங்க ஊர்ல மெக்கானிக் இல்ல. நின்னு போன பெட்டி முன்னால எல்லாரும் வழி பாத்து நிக்கற இடத்துல போய் இறங்கறது எனக்குப் பிடிக்கும்."

அந்த அம்மாள் ஏதோ குறித்துக்கொண்டாள். "வெள்ளிக்கிழமைக்கு முன்னால கடிதம்" என்றாள். "அந்த ஹெல்பரை விட்டுடாதீங்க" என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

கேஸ் ஏறி முடிந்தது. அவள் வழக்கம்போல இருமினாள். முதலாளியும் வழக்கம்போல நொண்டி நொண்டிச் சுவிட்ச் வரை போனார். விரலை நீட்டியவர் அப்படியே நின்றார். பிறகு ஓரமாக நகர்ந்தார்.

"நீ போடும்மா."

அவள் போட்டாள். அறை உறுமியது. வாசலில் பால் வண்டி ஹாரன் அடித்தது.

மறுநாள் ஜெராக்ஸ் கடைக்கு முதலாளி கையால் எழுதிய தாளோடு வந்தார். "முன் கடிதத்தில் ஆசை மிகுதியால் தவறு நேர்ந்தது" என்று தொடங்கி, உள்ளது உள்ளபடி இருந்தது. கடைசி வரி: "என் பட்டறையின் மெக்கானிக் இவர் ஒருவரே."

"ஒரு கமா கூட்டினே, குறைச்சே, தெரியும் சேதி" என்றார் கணவனிடம்.

"சத்தியமா இல்ல முதலாளி. கையை மேசைக்கு மேலேயே வச்சிருக்கேன் பாருங்க."

கமிட்டியின் பரிந்துரை திங்கட்கிழமை காலை வந்தது. கணவன் கத்திய கத்தலில் பக்கத்து சலூனில் பாதி முகம் மழித்தவர் எழுந்து வந்து பார்த்தார். மகள் வகுப்பில் எல்லாருக்கும் பனிமனிதன் வரைந்து கொடுத்தாள். பிறகு பி.ஆர். விண்ணப்ப வேலை. மருத்துவப் பரிசோதனை, போலீஸ் சான்று, நீலத்திரைக்கு முன்னால் படம். விண்ணப்பத்தில் தன் பெயருக்கு நேரே "சார்ந்து வருபவர்" என்று நிரப்பும்போது கணவன் சத்தமாகப் படித்தான்.

"தாலி கட்டினப்ப நான் குடும்பத் தலைவன். இப்ப உன் மூட்டையில ஒண்ணு."

"கனமான மூட்டை. சிலிண்டரையாவது உருட்டிட்டுப் போகலாம்" என்றாள் அவள்.

இவர்கள் கிளம்பியதும் அடுத்த தெருவில் இருக்கும் தன் மகள் வீட்டுக்குப் போவதாக முடிவுசெய்துவிட்ட மாமனார், டீக்கடையில் புதுச் செய்தியை ஒலிபரப்பிக்கொண்டிருந்தார். "மேனேஜர் ஊருக்கு ஆயிரம் பேரு. மெக்கானிக்குக்குத்தான் ஒரு ஊரே கமிட்டி போட்டுக் கூப்பிடுது." விண்ணப்பத்தை அனுப்புகிற பொத்தானை யார் அழுத்துவது என்று கேள்வி வந்தபோது, எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் அழுத்தினாள். மாமனார் தன்னை மறந்து, "ரைட்! போலாம்!" என்று குரல் கொடுத்தார்.

முடிவு வர மாதக்கணக்காகும். அதுவரை கடைத்தெருவின் பெட்டிகள் நிற்கத்தான் செய்யும். விண்ணப்பம் போன மறுநாள் அவள் பட்டறைக்குள் நுழைந்தபோது முதலாளி போனில் இருந்தார். எதிர்முனையில் மருந்துக்கடைக்காரர்.

"மெக்கானிக்கை அனுப்பறேன். ஆமா, கேஸ் அக்காதான். இல்லய்யா, நான் பாக்க மாட்டேன், அவங்கதான் பாப்பாங்க. நானா? நான் சிலிண்டரை எடுத்துக்கிட்டுப் பின்னால ஆட்டோவுல வர்றேன்."